பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டே தடகளப் பயிற்சியும் போட்டியும்: அட்டெண்டன்ஸ், லேப், படிப்பை எப்படிச் சமாளிப்பது?

முதலில் அட்டெண்டன்ஸ் கணக்கு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேர்வெழுத 75% வருகை வேண்டும். போட்டிக்குப் போனதால் 65 முதல் 74% வரை குறைந்தால், கல்லூரி முதல்வர் சான்றொப்பமிட்ட பங்கேற்புச் சான்றிதழைக் கொடுத்தால் அனுமதி உண்டு. செமஸ்டரில் 90 வேலை நாள் என்றால் 22 நாள் வரை வராவிட்டாலும் பயமில்லை. சான்றிதழோடு 31 நாள். வருகை 65%க்குக் கீழே போனால் பதக்கம்கூடக் காப்பாற்றாது.

பலர் சறுக்குவது ஓ.டி. (ஆன் டூட்டி, அதாவது கல்லூரி சார்பில் போட்டிக்குப் போக அனுமதி) கடிதத்தில்தான். போட்டி முடிந்து வந்து கேட்காதீர்கள். உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்தோடு கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். ஓ.டி.யை வருகையாகப் பதிகிறார்களா என்பதை மாதம் ஒருமுறை பதிவேட்டில் பாருங்கள். செமஸ்டர் கடைசியில் திருத்துவது பெரும்பாடு.

தியரி வகுப்பை நண்பரின் நோட்டை வைத்து ஈடுகட்டலாம், லேப் அப்படியில்லை. செய்யாத சோதனைக்கு ரீடிங் கிடையாது, ரெக்கார்டில் கையெழுத்தும் விழாது. அதே வாரம் அடுத்த பேட்ச்சோடு செய்ய அனுமதி கேளுங்கள்.

காலை 5:30க்கு மைதானம் என்றால் இரவு 9:30க்குப் படுத்தாக வேண்டும். ஆகவே கணக்குப் பாடங்களை மாலைப் பயிற்சிக்குப் பிறகு வைக்காதீர்கள். உடல் களைத்திருக்கும்போது ஒரே கணக்கை மூன்று முறை போட்டாலும் விடை வராது. மதிய இடைவேளையில் 40 நிமிடம் நூலகத்தில் உட்காருங்கள். இரவில் வரைபடம், ரெக்கார்டு போதும்.