சாஃப்ட்பால் பார்க்க ஆரஞ்சுச் சுடிதாரில் போகாதீர்கள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எட்மண்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஓர் ஆட்டம்) சாம்பியன்ஷிப்புக்கு ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது, வா என்கிறார். எனக்குக் கிரிக்கெட்டே பாதிதான் புரியும், எதையாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தட்டிக்கழிக்காதீர்கள், தங்கச்சி. எங்கள் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிடுவார்களே, அந்த அழைப்பு இது. நான் இதே மாநிலத்தில் நார்மனில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் நானும் தலைவலி, பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லித் தப்பித்தவள்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாடு முழுவதிலும் இருந்து 64 கல்லூரி அணிகள் மே மாதம் மோதி, கடைசி எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டிக்கு வருகின்றன. 1982-இல் ஒமாஹாவில் தொடங்கிய போட்டி, 1990 முதல் ஓரிரு வருடம் தவிர இங்கேதான் நடக்கிறது. டெவன் பார்க் என்ற அந்த மைதானம் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் 13,000 பேர் உட்காரலாம். 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தாலும் சாஃப்ட்பாலை நம்மூருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதல்முறை போனபோது இருப்பதிலேயே நல்ல சுடிதாரைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல ஆரஞ்சு நிறம். சுற்றிலும் கருஞ்சிவப்புக் கடல், அது எங்கள் நார்மனில் இருக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் நிறம். பின்வரிசைப் பாட்டி ஒருவர் தோளைத் தட்டி, "ஸ்டில்வாட்டரா, டெக்ஸாஸா?" என்று கேட்டார். ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து "விருதுநகர்" என்றேன். ஸ்டில்வாட்டரில் இருக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் ஆரஞ்சு, டெக்ஸாஸுக்கும் ஒருவகை ஆரஞ்சு. இரண்டுமே நார்மன்காரர்களுக்கு ஜென்மப் பகை. அந்தப் பாட்டி தன் பையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. ஆக, பக்கத்து வீட்டு அம்மா எந்த அணி என்று முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் ஓக்லஹோமா அணி என்றால், ஒருபக்கம் "பூமர்" என்று கத்தினால் மறுபக்கம் "சூனர்" என்று பதில் வரும். மூன்றாவது முறை நீங்களும் கத்துவீர்கள்.

ஆட்டம் புரியுமா என்றால், புரியும். கிரிக்கெட்டை மட்டும் கொஞ்சம் மறந்துவிட வேண்டும். பந்து தரையில் குத்தி வராது. பிட்சர் கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து வீசுவார். தூரம் 43 அடி. நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி, நினைவிருக்கட்டும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அடிப்பவருக்கு அரை நொடிகூடக் கிடையாது. சாஃப்ட் என்ற பெயரை நம்பாதீர்கள், பந்து கல் மாதிரி இருக்கும். அதனால்தான் அருகில் நின்று பிடிக்கும் பெண்களில் பலர் முகக் கவசம் போட்டிருப்பார்கள். அடிக்கத் தவறினாலோ, அடிக்க வேண்டிய நல்ல பந்தை விட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட், மூன்று பேர் அவுட் என்றால் அடுத்த அணியின் முறை. இரண்டு அணியும் ஒருமுறை அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ், மொத்தம் ஏழு. அடித்தவர் மூன்று பேஸ்களை (தரையில் பதித்த கட்டைகள்) வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் ஓர் அணி 8 ஓட்டம் முன்னால் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு போதும். மீதியைப் பக்கத்தில் உட்காருபவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நீங்கள் கேட்காவிட்டாலும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு தோல்வியோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை, இரண்டாவது தோல்விதான் மூட்டை கட்டவைக்கும். 2021-இல் தரவரிசையே கிடைக்காமல் வந்த ஜேம்ஸ் மேடிசன் என்ற கல்லூரி, முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை முதல் ஆட்டத்திலேயே 4-3 என்று சாய்த்தது. அன்று இரவு நார்மனில் இழவு வீடு மாதிரி இருந்தது. அதே ஓக்லஹோமா அதன்பின் ஒவ்வொரு ஆட்டமாக மேலேறி வந்து, மூன்று ஆட்டம் கொண்ட இறுதியிலும் முதலாவதைத் தோற்று, மற்ற இரண்டையும் வென்று கோப்பையை எடுத்தது. அங்கிருந்து தொடர்ந்து நான்கு வருடம் அவர்கள்தான்.

2025-இல் அவர்கள் இறுதிக்கு வரவில்லை. நான் சும்மா வீட்டில் டிவி போட்டேன், டெக்ஸாஸும் டெக்ஸாஸ் டெக்கும். டெக் அணியின் பிட்சர் நைஜரி கனடி, நல்ல அடிக்காரியான ரீஸ் ஆட்வுட்டுக்கு அடிக்க வாய்ப்பே தராமல் வேண்டுமென்றே வெளியே வெளியே வீசி முதல் பேஸுக்கு அனுப்பப் பார்த்தார் (நான்கு பந்து அப்படி வெளியே போனால் அடிப்பவர் சும்மாவே அங்கே போகலாம்). மூன்று பந்து அப்படிப் போயிற்று. நான்காவது கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பெண் எட்டி அடித்துவிட்டாள்! இரண்டு ஓட்டம், ஆட்டம் 2-1. எதிரியான டெக்ஸாஸுக்காக நான் சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினேன். இதை நார்மனில் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, பொறுமை இல்லாதவர்களுக்கான பகுதி. வியாழக்கிழமை நான்கு ஆட்டம், பகல் டிக்கெட்டில் இரண்டு, மாலை டிக்கெட்டில் இரண்டு. பகல் என்றால் தொப்பி, சன்ஸ்கிரீன் இரண்டும் கட்டாயம். நாம் கறுப்புத்தானே, நமக்கெதற்கு என்று நானும் சொல்லி, கழுத்து உரிந்தவள். கைப்பை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும். நான் பெரிய தோல் பையோடு போய், திரும்பக் கார்வரை நடந்தேன். சைவம் என்றால் நாச்சோஸ், பாப்கார்ன், பிரெட்ஸல், எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான், வயிற்றுக்கு வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பந்தை எதிர்கொள்ள ஒருவர் நிற்கும்போது படியில் எழுந்து நடக்காதீர்கள். மே கடைசி என்பதால் மின்னல் வந்தால் ஆட்டம் நிற்கும், கடைசி மின்னலிலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று மின்னினால் கணக்கு முதலிலிருந்து. மாலை ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிவிடலாம், மறுநாள் காலையில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அந்தப் பெண்களின் தலையைப் பாருங்கள். எல்லாம் சடை! இரட்டைச் சடை, நெற்றியிலிருந்து ஒட்டிப் பின்னியது, ரிப்பன் வைத்தது. டக்அவுட்டில் (ஆடுகிறவர்கள் முறைக்காகக் காத்திருக்கும் இடம், நம் கிரிக்கெட் டக் அவுட் இல்லை) நின்று ஆட்டம் முழுக்கப் பாடுவார்கள், கைதட்டுவார்கள். கும்மி கொட்டுகிற மாதிரியே இருக்கும். என் மகள் பள்ளி அணியில் ஆடியபோது இந்தச் சடைதான் எனக்கு இந்த ஊரைத் திறந்துவிட்டது. ஒருநாள் அவளுக்கு ஆயிரங்கால் சடை பின்னி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நான்கு பெண்கள் சீப்போடு நின்றார்கள், அவர்களைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்கள் என் சமையலறையில் காபி குடித்தார்கள். பதினான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அதில் ஓர் அம்மா எழுபதைத் தாண்டிய தன் தாயையும் கூட்டி வருவார். அந்தப் பாட்டி படித்த காலத்தில் பள்ளியில் பெண்களுக்கு அணியே கிடையாதாம், பையன்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்களாம். 1972-இல், படிக்கும் இடத்தில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டம் வந்தபிறகுதான் மெல்ல மாறியது. அவர் மைதானத்தில் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுங்கள். எங்கள் குடும்பம் வியாழன் மாலை ஆட்டத்துக்கு மூன்றாவது பேஸ் பக்கம் இருக்கும், தோளில் பழைய சிவப்புத் துண்டு போட்டிருப்பவள் நான். புளியோதரை காரில் இருக்கும். ஆட்டம் முடிந்து வண்டிகள் நகர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும், உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.