ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்: யெல்லோ ஜாக்கெட் குளவி பற்றிய கேள்வி பதில்

பூச்சி ஒழிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கொட்டு வாங்கிய கணக்கை எல்லாம் சொல்லப்போவதில்லை. வந்த கேள்விகளுக்கு நேராக வருகிறேன்.

கேள்வி: சுவரோரம் மஞ்சளும் கறுப்புமாக நிறையப் பறக்கிறது. நான் குளவி என்கிறேன், மனைவி தேனீ என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

உடம்பில் ரோமம் இருக்கிறதா என்று பாருங்கள். தேனீ பழுப்பு நிறத்தில், கம்பளி போர்த்தியதுபோல இருக்கும், பின்னங்காலில் பல சமயம் மகரந்தம் உருண்டையாக ஒட்டியிருக்கும். யெல்லோ ஜாக்கெட் அப்படியில்லை, பாலிஷ் போட்டதுபோல வழவழவென்று, மஞ்சள் பளிச்சென்று, இடுப்பு கிள்ளி எடுத்ததுபோல ஒடுங்கி இருக்கும், நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர்போல. எதன்மேலாவது உட்காருவதற்கு முன்னால் இடமும் வலமுமாக ஆடி ஆடி வரும், அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நீண்ட கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறந்தால் அது காகிதக் குளவி. அந்தரத்தில் அசையாமல் நின்று, இரண்டே இறக்கையும் முகம் முழுக்கக் கண்ணுமாக இருந்தால் அது குளவி வேஷம் போட்ட ஈ. பாவம், அதற்குக் கொடுக்கே கிடையாது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: கூரை விளிம்புக்கு அடியில் தலைகீழ்க் குடைபோல ஒரு கூடு, அறைகள் எல்லாம் திறந்தபடி தெரிகின்றன. இதுவும் அதுதானா?

இல்லை, அது காகிதக் குளவிக் கூடு. யெல்லோ ஜாக்கெட் தன் அடைகளைச் சுற்றிக் காகித உறை போட்டு மூடி, போக வர ஒரு வாசல் மட்டும் விட்டிருக்கும். உங்கள் கூடு கதவுக்கோ ஜன்னலுக்கோ பக்கத்தில் இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். தோட்டத்துப் புழுக்களைத் தின்னும்.

கேள்வி: புல் வெட்டும்போது தரையிலிருந்து கிளம்பி ஆறு இடத்தில் கொட்டிவிட்டன. எலி வளை மாதிரி ஓர் ஓட்டை. ராத்திரி பெட்ரோல் ஊற்றலாம் என்று நண்பர் சொல்கிறார், சரியா?

வேண்டவே வேண்டாம். மண்ணும் நிலத்தடி நீரும் கெடும், ஒரு பொறி பட்டால் நீங்களும் சேர்ந்து எரிவீர்கள். தண்ணீர்க் குழாயை உள்ளே விடுவதும் வீண், மண் தண்ணீரைக் குடித்துவிடும், கோபம் மட்டும் மிச்சம்.

முதலில் பகலில், எட்டி நின்று, கால் மணி நேரம் சும்மா பாருங்கள். எத்தனை ஓட்டை, எந்தப் பக்கம் பறந்து போகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள், சில கூடுகளுக்குப் பின்வாசலும் உண்டு. குளவிக்கென்று விற்கிற பூச்சிக்கொல்லித் தூளை (டெல்டாமெத்ரின் போன்றது) இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்குள் அடங்கினதும், வாசலில் ஊதிவிட வேண்டும். டார்ச்சைக் கையில் பிடிக்காதீர்கள், கிளம்புகிற குளவி வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். சிவப்புத் தாள் சுற்றி, தள்ளித் தரையில் வையுங்கள், சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. முழுக்கை, முழுக்கால், கையுறை, முகத்துக்கு வலை, எல்லாம் போட்டுக்கொண்டு, எந்த வழியாக ஓடப்போகிறோம் என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ குளவி ஒவ்வாமை இருந்தால் இதை நீங்கள் செய்யாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஒன்று கொட்டிவிட்டால் அதை அங்கேயே நசுக்காதீர்கள். விஷத்திலேயே மற்றவர்களைக் கூப்பிடுகிற வாசனை இருக்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள்.

கேள்வி: அண்ணா, வெளிச்சுவரில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை வழியாகப் போய் வந்துகொண்டிருந்தன. சிலிகான் வைத்து நன்றாக அடைத்துவிட்டேன். இரண்டு நாளில் படுக்கையறைக்குள் வர ஆரம்பித்துவிட்டன! எங்கிருந்து வருகின்றன?

நீங்கள் வாசலை அடைத்ததால்தான். உள்ளே நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட இருக்கும், மரத்தையே மென்று காகிதம் ஆக்குகிற வாய் அவற்றுக்கு. உள்சுவருக்குப் போடுகிற ஜிப்சம் பலகை எல்லாம் அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை, கூட்டுக்கு இடம் பற்றாதபோதே அதைச் சுரண்டித்தான் இடம் பண்ணிக்கொள்ளும்.

இப்போது செய்யவேண்டியது: ராத்திரி அமைதியாக இருக்கும்போது படுக்கையறைச் சுவரில் காதை வைத்துக் கேளுங்கள். யாரோ காய்ந்த சருகை மெதுவாகக் கசக்குகிறதுபோல ஒரு சத்தம் வரும், கூடு அங்கேதான். ஒரு வீட்டில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை தெரிந்தது, வீட்டுக்காரர் தண்ணீர்க் கசிவு என்று நினைத்து விரலால் அழுத்திப் பார்த்தார், விரல் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பலகை முழுவதையும் தின்றுவிட்டு வெறும் பெயின்ட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. அதனால் கறையோ ஈரம்போல ஒரு திட்டோ தெரிந்தால் தொடாதீர்கள், அட்டை வைத்து டேப் ஒட்டுங்கள், அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைத் திணியுங்கள்.

வெளியே அடைத்ததைத் திறந்துவிட்டு வாசலில் தூள் போட வேண்டும். ஸ்ப்ரே இங்கே வேலைக்கு ஆகாது, ஏனென்றால் ஓட்டை ஓரிடம், கூடு சுவருக்குள் இரண்டு மூன்று அடி தள்ளி இன்னோரிடம், அடித்த மருந்து வாசலிலேயே நின்றுவிடும். தூள் என்றால் போகிற வருகிற ஒவ்வொன்றும் காலில் ஒட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். சில நாள் கழித்து ஒன்றுகூடப் பறக்கவில்லை என்று உறுதியான பிறகு அடையுங்கள். உங்கள் நிலைமையில், அறைக்குள்ளேயே வந்துவிட்டதால், தொழில் தெரிந்தவரை வரச்சொல்வதுதான் என் யோசனை.

கேள்வி: கோடை முழுக்கக் கண்ணில் படவில்லை. கோடை முடிகிற நேரத்தில் ஜூஸ் டம்ளரில் வந்து விழுகின்றனவே, ஏன்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. வளர்ந்த குளவிகள் பிடிக்கிற ஈயும் புழுவும் தங்களுக்கு இல்லை, கூட்டில் இருக்கிற குஞ்சுப் புழுக்களுக்கு. அந்தப் புழுக்கள் பதிலுக்கு ஒரு சர்க்கரைத் துளியைக் கக்கிக் கொடுக்கும், அதுதான் வேலைக்காரக் குளவிகளின் சாப்பாடு. கோடை முடிவில் புழுக்கள் குறைந்துவிடும், ஆனால் கூட்டில் ஆள் எண்ணிக்கை அப்போதுதான் உச்சம். பசியில் இருக்கிற இவ்வளவு பேரும் எங்கே போவார்கள்? உங்கள் டம்ளருக்கு. அப்புறம், டின் பானத்தை அப்படியே வாயில் கவிழ்க்காதீர்கள், உள்ளே ஒன்று இருந்து தொண்டையில் கொட்டினால் வீங்கி மூச்சு அடைக்கும்.

கேள்வி: காகிதத்தில் பொய்க் கூடு தொங்கவிட்டால் வராதாமே? பொறி வைக்கலாமா?

பொய்க் கூட்டை நம்பாதீர்கள், அதன் பக்கத்திலேயே பறப்பதைப் பார்த்திருக்கிறேன். பொறி கொஞ்சம் பிடிக்கும், கூட்டை ஒழிக்காது. வைத்தால் நீங்கள் உட்காருகிற இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் நீங்களே விருந்துக்கு அழைத்ததுபோல.

கேள்வி: கொட்டினால் என்ன செய்ய? வினிகர் தடவலாமா?

சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள், அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை. வினிகரால் பெரிய பயன் எதுவும் இல்லை. யெல்லோ ஜாக்கெட் பெரும்பாலும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் ஒன்றே பல தடவை கொட்டும். ஆனால் கொட்டின இடத்தை விட்டு உடம்பெங்கும் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடுகிற எபிநெஃப்ரின் ஊசி கையில் இருந்தால் உடனே போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர்களும், வாயிலோ தொண்டையிலோ வாங்கியவர்களும் எப்படியும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் பரணில் கால்பந்து அளவுக்கு ஒரு கூடு பார்த்தேன், சத்தமே இல்லை. எடுக்கலாமா? அடுத்த வருடம் திரும்ப வருமா?

கடும் குளிர் விழுகிற ஊர் என்றால் உள்ளே எல்லாம் செத்திருக்கும், தாராளமாக எடுங்கள். குளிர் குறைந்த இடங்களில் சில கூடு வருடம் தாண்டியும் உயிரோடு இருக்கும், தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எட்ட நின்று ஒரு வெயில் நாளில் கவனியுங்கள். பழைய கூட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள், கருவுற்ற ராணிகள் மட்டும் எங்காவது இடுக்கில் தனியாகத் தூங்கிவிட்டு வசந்தத்தில் புதுக்கூடு கட்டும். ஆனால் அதே ஓட்டை வழியாக இன்னொரு ராணி வரலாம், ஆகவே அதை இப்போது அடையுங்கள். ஆமாம், இப்போது அடைக்கலாம்!

எடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாமல் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு குளவி எங்கோ ஒரு வேலிக் கட்டையிலோ கதவு நிலையிலோ சுரண்டிக்கொண்டு வந்த ஒரு வாய் மரக்கூழ். அதில் உங்கள் வீட்டுக் கதவும் இருக்கலாம்.