பேஸ் கிட்டார் கேள்வி-பதில்: கடையிலேயே வாசித்துப் பார்த்தீர்களா?

மகளுக்குப் பதினொரு வயது. சர்ச் குவாயரில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறாள். பெரிய சைஸே வாங்கிவிடுங்கள், வளர்ந்தபின் மாற்ற வேண்டியிருக்காது என்கிறார் கடைக்காரர். சரியா?
— ஒரு தாய், நாகர்கோவில்

வளரும் பிள்ளைக்குச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைப்பது நம் வீட்டுப் பழக்கம். பேஸில் அந்தக் கணக்கு உதவாது, அம்மா. வழக்கமான பேஸில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில், கம்பியை அழுத்த உங்கள் மகள் இடது கையை முழுக்க நீட்ட வேண்டியிருக்கும். மணிக்கட்டு வலிக்கும். ஒரு மாதத்தில் கருவி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

'ஷார்ட் ஸ்கேல்' என்று கேட்டு வாங்குங்கள். அதில் 30 அங்குலம்தான். குழந்தைகளுக்கான பொம்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்தில் வாசித்துப் புகழ்பெற்ற அந்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸும் ஏறக்குறைய அதே அளவுதான்.

மகளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்ட்ராப் போட்டுப் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். இடது கையை எடுத்ததும் கழுத்துப் பகுதி தரையை நோக்கிச் சரிந்தால் அந்தக் கருவி வேண்டாம். பாடல் முழுக்க அந்தப் பாரத்தை அவள் இடது கைதான் தாங்க வேண்டும். கம்பி மாற்றும்போதும் ஷார்ட் ஸ்கேலுக்கு உரியதையே வாங்குங்கள்.

கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதிலேயே பேஸைச் செருகலாமா?
— சேலம்

வீட்டில் மெதுவாக என்றால் சரி. டிரம்ஸோடு சேர்ந்து சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும். வேண்டாம்.

நான்கு கம்பியா, ஐந்து கம்பியா? லைட் மியூசிக் குழுவில் சேரப் போகிறேன்.
— மதுரை

இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் நான்கு. கச்சேரிக்கே போகிறீர்கள் என்றால் ஐந்தை யோசிக்கலாம். பாடகர்கள் தங்கள் குரலுக்கு ஏற்ப ஸ்ருதியை இறக்கச் சொல்வார்கள். பாட்டு டி-யில் வந்து நின்றால், நான்கு கம்பி பேஸின் அடிக் கம்பி ஈ-யோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போக வழியில்லை, மேல் ஸ்தாயியில்தான் வாசிக்க வேண்டும். ஐந்தாவதாக வரும் பி கம்பி அங்கே கைகொடுக்கும்.

ஆனால் அந்த பி கம்பியைக் கடையிலேயே சோதியுங்கள். ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, பி ஏறக்குறைய 31 முறை. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இந்த 31-இல் நாதம் தெளிவாக வராது, வெறும் 'தொம்' என்ற ஓசைதான் கேட்கும். நான் வாங்கிய முதல் ஐந்து கம்பி பேஸ் அப்படிப்பட்டதுதான். மற்ற நான்கு கம்பிகளையும் வாசித்துப் பார்த்தேன், எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தேனோ அந்த ஒன்றை விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் அது கருவியில் சும்மா கிடந்தது.

புதுப் பேஸ் வாங்கி மூன்று மாதம். விரல் நுனி கொப்பளிக்கிறது. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தவே முடியவில்லை. கடையில் கேட்டால், "பேஸ் அப்படித்தான் சார், விரல் பழகிடும்" என்கிறார்கள். என் கை இதற்குச் சரிப்படாதோ?
— திருச்சி

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் எனக்கு வருவது இது முதல் முறை அல்ல. ஊர் மாறுகிறது, வயது மாறுகிறது, கடைக்காரர் சொல்லும் அந்த ஒரு வரி மட்டும் மாறுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அந்த மரத்தில் தொங்குவதற்குச் சமம். மரம் வளையத்தான் செய்யும். அதை எதிர்த்துப் பிடிப்பதற்காகவே கழுத்துக்குள் 'டிரஸ் ராட்' என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் கிளம்பி, கப்பலில் கடல் கடந்து, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து, நம் ஊர் ஈரக் காற்றுக்கு வரும் மரம் புறப்பட்ட நிலையில் இருக்காது. வந்த இடத்தில் ஒருவர் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் செட்டப். தெரிந்த கைக்கு ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் பெட்டியைப் பிரித்து அப்படியே விற்றுவிட்டு, வலியை வாங்கியவர் விரல்மேல் போடுகிறார்கள். எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு காரணத்தால் பேஸை விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவே ஆறாது.

நீங்களே பார்க்கலாம். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் நல்லது. இரண்டு மூன்று கார்டு தாராளமாக நுழைந்தால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது. அடுத்து கம்பியின் உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டரும் ஜி கம்பி 2 மில்லிமீட்டரும் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் போதும். உங்களுடையது நான்கைத் தாண்டியிருக்கும் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்கிறேன்.

டிரஸ் ராடைத் திருகுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். கை நடுங்கினால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒருமுறை செய்ததோடு முடிவதும் இல்லை. ஐப்பசி மழையில் கழுத்து ஒரு நிலையில் இருக்கும், சித்திரை வெயிலில் வேறு நிலையில் இருக்கும்.

இனி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும்போதே கேளுங்கள்: "செட்டப் செய்து தருவீர்களா?" இல்லை என்றால் அடுத்த கடை. பணம் கைமாறும் முன் ஆம்பில் செருகி, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்க்க விடாத கடையும் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பிய ஹார்மானிக்கும் ஒன்றாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். போனில் ட்யூனர் செயலி இருந்தாலே போதும்.

ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் 'ம்ம்' என்று இரைகிறது. ஏமாந்துவிட்டேனா?
— புதுச்சேரி

இல்லை. கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றுவது பிக்கப். உங்கள் பேஸில் உள்ள இரண்டும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் வகை. இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும், ஒன்றைக் குறைத்தால் அடக்க ஆளில்லை. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்த நாளிலிருந்து இப்படித்தான். இரைச்சல் பொறுக்காது என்றால் அதே ஃபெண்டர் நிறுவனத்தின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் பாருங்கள். 1957 முதல் அதில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப் இரைச்சலைத் தானே தின்றுவிடும்.

விளம்பரத் தளம் ஒன்றில் பார்த்து, அமெரிக்கன் ஃபெண்டர் என்று நம்பி 72,000 ரூபாய்க்குப் பழைய பேஸ் வாங்கினேன். பழுதுபார்ப்பவர் பார்த்துவிட்டு, இது விலை குறைந்த கருவி, தலைப்பகுதியில் பெயரைச் சுரண்டி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்கிறார். விற்றவர் போனை எடுப்பதில்லை. அப்பா தந்த பணம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— கோவை

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள், தம்பி. நீங்கள் தப்பு செய்யவில்லை, உங்களுக்குத்தான் தப்பு செய்திருக்கிறார்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியவை: விளம்பரம், உரையாடல், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரம் நாளை இருக்காது. யுபிஐ அல்லது வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். இது ஏமாற்றுக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு. பழுதுபார்ப்பவரிடம் கருவியைப் பற்றிக் கையெழுத்திட்டு ஒரு குறிப்பு வாங்கி இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் வியாபாரிமீதுதான் நடவடிக்கை எடுக்கும். தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்ற தனிநபர் வியாபாரி ஆகமாட்டார். ஆனால் அதே ஆள் வரிசையாகக் கருவிகள் விற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. அவருடைய மற்ற விளம்பரங்களையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைப்பகுதியில் உள்ள பெயரையும் வரிசை எண்ணையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையர் கருவியில் பெயரைத் தேய்த்துவிட்டு ஃபெண்டர் என்று ஒட்டுவது பழைய வேலை. கழுத்தை உடலோடு பூட்டும் திருகுகளைக் கழற்றி அடியில் உள்ள முத்திரையையும், பின்மூடியையோ கண்ட்ரோல் தகட்டையோ திறந்து உள்ளே உள்ள பாகங்களையும் பாருங்கள். இவ்வளவு விலைக்கு விற்பவர் திறக்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் கருவி வைத்திருக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

நானும் பட்டவன்தான். குழுவில் வாசித்து ஆறு மாதம் சேர்த்த பணத்தில் ஒரு பழைய பேஸ் வாங்கினேன். போன நேரம் மின்வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, ஆம்பில் செருகாமலே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் பகலில் பார்த்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது, டிரஸ் ராட் நட்டு தேய்ந்து சாவியே பிடிக்கவில்லை. அன்று என் வீட்டிலும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கச்சேரி நடுவே ஆக்டிவ் பேஸின் சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. சர்க்யூட் மாற்ற 6,500 ரூபாய் கேட்கிறார்கள்.
— தஞ்சாவூர்

ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உண்டு. அந்த 9 வோல்ட் பேட்டரியை மாற்றினீர்களா? கேபிளைச் செருகிய நொடியிலிருந்து பேட்டரி செலவாகிறது, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். புதுப் பேட்டரி போட்டும் பேசவில்லை என்றால் பிறகு சர்க்யூட்டைப் பற்றிப் பேசலாம்.

ஆறு மாதத்தில் மூன்று பேஸ், நான்கு பெடல், எல்லாம் வீடியோ விமர்சனம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். இன்னும் நான் நினைக்கும் டோன் வரவில்லை. அடுத்து எந்த ப்ரீ-ஆம்ப் வாங்கலாம்?
— சென்னை

எதுவும் வாங்காதீர்கள். மூன்று பேஸில் ஒன்றைக்கூட வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் கையில், யாரோ ஒருவர் அறையில், ஒலிப்பதிவில் மெருகேற்றிய சத்தத்தைக் கேட்டு, அது பெட்டிக்குள் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். வராது.

அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 1962 பிரிசிஷன் பேஸ். அதில் மேற்புறம் வழுவழுப்பான, தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், அறுந்தால் தவிர மாற்றமாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். உலகம் இன்றுவரை தேடும் டோன் அதிலிருந்து வந்தது. இரண்டு பேஸை விற்றுவிடுங்கள். மீதியுள்ள ஒன்றை மெட்ரோனோம் வைத்துத் தினமும் வாசியுங்கள், பெடல்களை அலமாரியில் பூட்டிவிட்டு. மூன்று மாதம் கழித்து எழுதுங்கள்.

கடலோரத்தில் வீடு. கம்பி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது.
— தூத்துக்குடி

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அடுத்த முறை மேற்பூச்சுள்ள 'கோட்டட்' கம்பி வாங்குங்கள். விலை அதிகம், உங்கள் ஊரில் அதற்குத் தகும்.

புதுப் பேஸில் ட்யூனிங் கீ ஒன்று வழுக்குகிறது, ஒரு பாட்டு முடிவதற்குள் ஏ கம்பி இறங்கிவிடுகிறது. வாங்கிப் பன்னிரண்டு நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.
— வேலூர்

அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். உங்கள் மனம் மாறியதற்கு அது பொருந்தலாம், குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.

கம்பி இறங்குவதை ட்யூனரோடு சேர்த்து வீடியோ எடுங்கள். கீயை மாற்றித் தாருங்கள், அல்லது கருவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் ஒரு பிரதி. வாயால் பேசியது எங்கும் நிற்காது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. கடிதம் எழுதியதும் அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள். கடையின் பதிலைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.