லீவுக்கு வெளிநாடு: எங்கே ரயில், எங்கே கார்?

மாசி பிறந்ததுமே லீவுப் பயணக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பதில்களுக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. நம்ம பக்கம் பள்ளிக்கூடத்துக்கு ஏப்ரல் கடைசியில் லீவு விட்டு, ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுவார்கள். அப்போது ஐரோப்பாவில் கோடை பிறந்திருக்காது. நீங்கள் வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட மலைப்பாதையெல்லாம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் எடுத்தது. ரயிலா காரா என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த லீவுத் தேதியிலேயே இருக்கிறது.

மே மாதம் எட்டு நாள் சுவிட்சர்லாந்து போகிறோம். 13, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். ஏர்போர்ட்டில் கார் எடுத்து, திரும்பும் நாள் அங்கேயே விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிவருமா? (வாசகி, பாளையங்கோட்டை)

சரிவராது தாயி. ஐரோப்பாவிலேயே காருக்குத் தேவை மிகக் குறைவான நாடு சுவிட்சர்லாந்து. நீங்கள் பார்க்க நினைக்கும் வெங்கென், மூரென், செர்மாட் மூன்றும் கார் நுழைய முடியாத ஊர்கள். செர்மாட் போகிறவர்கள் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். அதாவது கார் வாடகை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கிங் காசும் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுப்பீர்கள்.

வீட்டுக்காரர் ஆசைப்படுவது மலைக் கணவாய்ச் சாலைகளுக்காக என்றால், ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் எல்லாம் பனியில் மூடிக் கிடந்து, மே கடைசி அல்லது ஜூன் வாக்கில்தான் திறக்கும். உங்கள் தேதிக்கு அது கைகூடாது.

எட்டு நாளுக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுங்கள். 3, 4, 6, 8, 15 நாள் கணக்கில் கிடைக்கும். ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் ஓடும் டிராம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். பெற்றோரிடம் பாஸ் இருந்தால் 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம். பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் டிக்கெட் செலவே இல்லை. கணக்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் ஸ்டேஷன் மட்டும் தனிக்கணக்கு. வெங்கென் அல்லது கிரிண்டல்வால்ட் வரைக்கும்தான் பாஸ் செல்லும். அதற்கு மேல் தனி டிக்கெட். பாஸ் காட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி. இந்த டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கி வைக்காதீர்கள். காலையில் எழுந்து இன்டர்நெட்டில் மலையுச்சி நேரடி கேமராவைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் அன்றைக்கு ரிகி மலைக்கோ படகுக்கோ போய்விடலாம், அவை பாஸிலேயே வரும்.

அந்தப் பக்கம் போக இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனில் ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்ப்ரூனன் போகும், மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. எது எங்கே என்று பெட்டியிலேயே காட்டும். அப்பா ஒரு பெட்டி, பிள்ளைகள் ஒரு பெட்டி என்று ஏறிவிட்டால் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள்.

இருபது வருஷமாக கார் ஓட்டுகிறேன் அண்ணாச்சி. ஐரோப்பாவில் ஓட்ட நம்ம லைசென்ஸ் போதுமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே தருவார்கள், கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும். அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அதோடு போச்சு. பெர்மிட்டை மட்டும் நீட்டினால் சாவி தரமாட்டார்கள், அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

கார் வாடகைக் கவுன்டரில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கார்டு விஷயத்தில். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மச்சான் கார்டு, மனைவி கார்டு எடுபடாது. டெபாசிட்டுக்காக ஒரு பெரிய தொகையை அதில் பிடித்துவைப்பார்கள். திருப்பி விடுவிக்க நாளாகும். கார்டு லிமிட் முழுவதும் ஹோட்டலுக்குப் போயிருந்தால் அங்கே நின்று முழிக்க வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி எடுங்கள், வாடகை கூடத்தான் செய்யும். ஆனால் வலது கையால் கியர் போட வேண்டிய வண்டியில், சாலையின் வலது பக்கத்தில், ரவுண்டானாவை நமக்கு எதிர்த்திசையில் சுற்றி வரும்போது ஒரு வேலையாவது குறையட்டும்.

விமானம் விட்டு இறங்கிய அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். முதல் ஊரை ரயிலிலும் நடையிலும் முடித்துவிட்டு, கிராமப்பக்கம் கிளம்பும் காலையில் கார் எடுங்கள். இத்தாலியின் டஸ்கனி, ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மாதிரி சின்னச்சின்ன ஊர்களாகச் சிதறிக் கிடக்கும் இடங்களில்தான் கார் தன் காசுக்கு உழைக்கும். ஜெர்மனியில் 12 வயதுக்குள், 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி சீட் கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே நடக்காது.

வாப்பாவுக்கு எழுபது வயது. உம்மாவுக்கு முழங்கால் வலி. எங்களுக்கும் ரயில், கார் பயணம் உண்டா? (வாசகர், மேலப்பாளையம்)

உங்களுக்கு மலேசியாதான் தோது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. சாப்பாட்டுக் கவலை கிடையாது, பாதி இடத்தில் தமிழே பேசலாம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். டிக்கெட் போடுமுன் அது தொடர்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச்சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம் வாக்கில் ஈப்போ. அங்கே கார் எடுத்து கேமரன் மலை போங்கள். மே மாதம் கீழே நம்மூர் வெயில்தான், மேலே தேயிலைத் தோட்டமும் குளிரும். மலேசியாவில் நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுவதால் பழகவே வேண்டியதில்லை. டோலுக்கு 'டச் அண்ட் கோ' கார்டு வேண்டும், காரோடு தருகிறார்களா என்று கேளுங்கள். மலையில் வளைவு அதிகம். உம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள். காரை ஈப்போவில் விட்டுவிட்டு மறுபடி ரயிலில் பட்டர்வொர்த் போனால், ஸ்டேஷனை ஒட்டியே பினாங்கு படகுத்துறை.

ஜப்பான் போகிறோம், ஏப்ரல் 28 முதல் பத்து நாள். ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில் பாஸ்) வாங்கவா? (வாசகி, தென்காசி)

முதலில் தேதியை மாற்ற முடியுமா பாருங்கள். ஏப்ரல் 29-லிருந்து மே 5 வரை அங்கே 'கோல்டன் வீக்'. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் மெயினருவி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? நாடு முழுக்க அந்தக் கூட்டம்தான். அந்த நாட்களில் நொசோமி புல்லட் ரயிலில் எல்லா சீட்டும் ரிசர்வேஷன், ஓடிப்போய் ஏற முடியாது. மே இரண்டாவது வாரத்துக்குத் தள்ளினால் கூட்டமும் குறையும், ஹோட்டல் வாடகையும் இறங்கும்.

பாஸ் பொதுவாகக் கட்டுபடியாகாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ-கியோட்டோ போய்வரத் தனி டிக்கெட் 28,000 யென் பக்கம்தான் ஆகிறது. மூன்று பக்க அளவும் சேர்த்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் சூட்கேஸுக்கு அந்த வழி புல்லட் ரயிலில் கடைசி வரிசை சீட்டோடு இடம் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற பெட்டியைத் தூக்காதீர்கள்.

சுவிஸ், இத்தாலி, பிரான்ஸ் மூன்றும் போகிறோம். எந்த நாட்டு விசா? எப்போது? (வாசகர், வள்ளியூர்)

மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பியுங்கள். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குவார்கள், கடைசி கெடு 15 நாள். மே பயணத்துக்கு ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடுங்கள், மார்ச்சில் தேடினால் கிடைப்பது கஷ்டம். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம்; விசா சென்டர் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். கைரேகைக்குச் சென்னை போக வேண்டும், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத ரயில் டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுச் சாமான் என்னென்ன கொண்டுபோகலாம்? (வாசகி, சங்கரன்கோவில்)

ஐரோப்பாவுக்கு என்றால் பொடி வகை, அப்பளம், அரிசி பிரச்சினையில்லை. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் கூடாது. பாலும் இறைச்சியும் அங்கே தடை. கறிவேப்பிலைக் கொத்தும் மாம்பழமும் பிடிபடும். ஆனால் தேங்காய், வாழைப்பழம் போகலாம். கருவாட்டுக்கும் தடையில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஹோட்டல் அறையில் வறுக்கத்தான் முடியாது.

இத்தாலியில் கார் ஓட்டினால் அபராதம் வரும் என்று பயமுறுத்துகிறார்களே? (வாசகர், நாங்குநேரி)

பயம் நியாயமானதுதான். ஃபுளோரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளிவண்டி நுழையத் தடை, வாசலில் கேமரா. வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம் போட்ட பலகையைப் பாருங்கள். பக்கத்தில் 'வார்கோ ஆட்டிவோ' என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது. தெரியாமல் நுழைந்தால் சில மாதம் கழித்து அபராதம் வீடு தேடி வரும். கார் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுத்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமில் போங்கள்.