ஏற்காடு வீட்ல கிடைச்ச 1970 ரெட் வைன், இப்போ குடிக்கலாமா?

தாத்தாவோட எஸ்டேட் வீட்டு அலமாரில 1970 போர்டோ (பிரான்ஸ்ல வைனுக்குப் பேர்போன பகுதி) பாட்டில் கிடைச்சிருக்கு, கெட்டுப்போயிருக்குமான்னு கேட்டிருக்கீங்க. விஷமெல்லாம் ஆகியிருக்காது, தாராளமா திறங்க. 1970 அங்க திராட்சைக்கு நல்ல வருஷம், ஆனா வைனுக்கு 12-14 டிகிரி ஒரே சீரா வேணும், ஏற்காடு 1500 மீட்டர் உயரம்னாலும் அலமாரில சூடு ஏறி இறங்கிட்டேதான் இருக்கும், நல்லவேளை சேலத்துல வைக்கல, ஏப்ரல் வெயில்ல எப்பவோ வெந்திருக்கும்.

உள்ள இருக்கற வைன் பாட்டிலோட கழுத்து வரைக்கும் நின்னா நம்பிக்கை இருக்கு, தோளுக்குக் கீழ இறங்கியிருந்தா கார்க் வழியா காத்து பூந்துடுச்சு. ரெண்டு நாள் நிமிர்த்தி வைங்க, டேனினும் (துவர்ப்பு தர்ற பொருள்) நிறமியும் ஒண்ணா சேர்ந்து கசடா கிடக்கும், அது அடியில தங்கணும். கார்க் உதிரும், பொறுமையா இழுங்க, அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே ஜக்குல ஊத்துங்க, கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க.

நான் நண்பர் வீட்ல ஒரு 1975 குடிச்சேன், ஓரமெல்லாம் செங்கல் நிறம், மழை விட்டதும் சில்வர் ஓக் மரத்தடில வருமே ஈர இலை வாசம், கூடவே காளான், பழைய தோல் பை, பழ ருசி நூல் மாதிரி மெல்லிசா, துவர்ப்பே இல்லாம அவ்ளோ மிருது, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. இருபது நிமிஷத்துல எல்லாம் போய் வெறும் புளிப்புதான் மிச்சம். அதனால காத்தாட வைக்காதீங்க, ஊத்தின உடனே குடிங்க. நெயில் பாலிஷ் வாடையோ வினிகர் நெடியோ அடிச்சா மட்டும் கொட்டிடுங்க.