முழங்கால் வலிக்கு எந்த ஒளி?

கேள்வி: எனக்கு 54 வயது. தொடர்ந்து இறகுப்பந்து விளையாடுகிறேன். இடது முழங்காலில் ஆரம்பநிலைத் தேய்மானம் இருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆட்டத்துக்கு மறுநாள் தொடைத் தசையும் பிடித்துக்கொள்கிறது. ஒளிச் சிகிச்சைக் கருவி வாங்க நினைக்கிறேன். ஏழு நிறங்களில் ஒளிரும் கருவி நல்லதா, 660, 850 என்று எண் போட்டது நல்லதா?

பதில்: ஏழு நிறக் கருவி வேண்டாம். நீல ஒளி முகப்பருவுக்கு ஓரளவு உதவும். தோலைத் தாண்டி மூட்டுவரை அது போகாது. பச்சையும் அப்படித்தான்.

பெட்டியில் உள்ள எண், நானோமீட்டரில் அளக்கும் அலைநீளம். 630 முதல் 660 வரை கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. தோலுக்கும் அதையொட்டிய திசுக்களுக்கும் ஏற்றது. இன்னும் ஆழமாக இறங்குவது 800 முதல் 860 வரையிலான அகச்சிவப்பு. அதைவிடக் குறைந்த அலைநீளங்களை ரத்தத்தின் ஹீமோகுளோபின் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது; 950-ஐத் தாண்டினால் உடலின் நீர் உறிஞ்சிக்கொள்கிறது. தசைக்கும் முழங்காலுக்கும் 810 அல்லது 850 உள்ள கருவியைப் பாருங்கள். 850 விளக்கு எரியும்போது மங்கலாகத்தான் தெரியும். பழுதென்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். மங்கல்தானே என்று உற்றுப் பார்க்கவும் கூடாது.

அலைநீளம் சரியாக இருந்தும் பலருக்குப் பலன் கிடைக்காததற்கு அளவு ஒரு முக்கியக் காரணம். முழங்கால் தேய்மானத்தில் லேசர் சிகிச்சை (இதுவும் ஒளிச் சிகிச்சைதான்) பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பிஎம்ஜே ஓபன் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 785 முதல் 860 வரையிலான அலைநீளத்தில் ஒளி காட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 முதல் 8 ஜூல் கொடுத்தபோது வலி குறைந்தது என்பது அதன் முடிவு. ஒரு வாட் ஒளி ஒரு நொடி பட்டால் ஒரு ஜூல். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் விழும் கருவியில் 4 ஜூல் சேர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். பெட்டியில் பெரிதாக அச்சிடும் '1000 வாட்' இந்தக் கணக்குக்கு உதவாது. தோலில் எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் தவறு. அளவு மிஞ்சினால் பலன் குறையலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு லேசர் சிகிச்சை தர வேண்டாம் என்கிறது, உடற்பயிற்சியைத்தான் முன்னிறுத்துகிறது. என் கருத்தும் ஏறக்குறைய அதுவே. தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு மூன்று மாதம் செய்யுங்கள்; கூடவே வேண்டுமானால் ஒளியைச் சேர்த்துக்கொள்ளலாம். தசைப்பிடிப்புக்கு அதை ஆட்டத்துக்கு முன்பே காட்டுவது மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இயன்முறை நிலையங்களில் உள்ள சிவப்பு விளக்கு வெப்பம் தருவது. அது வேறு சிகிச்சை. சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் அது சுட்டுவிடும். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் எந்த ஒளியும் காட்டாதீர்கள்; தோலில் ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து சாப்பிட்டால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, கருவியை ஒதுக்கிவிட்டு அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.