லாண்ட்மாஸ்டர் சறுக்கினால் முதலில் சில்லைப் பாருங்கள்

உங்கள் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) சரிவில் சறுக்குகிறது, தேய்ந்த டயர்ச் சங்கிலிக்குப் பதிலாகப் புதிது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் சங்கிலி வாங்காதீர்கள். தேய்ந்ததை மாற்றினாலும் கந்தப்பளை மலைச் சரிவில் இயந்திரம் சறுக்கத்தான் செய்யும். டயர்ச் சங்கிலி முக்கியமாக உறைபனியைக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டது. மழையில் ஊறிய களிமண் கண்ணிகளுக்குள் அப்பிக்கொண்டால் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும்.

டயருக்கு ஒட்டுப் போட்ட பிறகுதான் சறுக்கல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான்: சில்லுகளை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். லாண்ட்மாஸ்டரின் பின்னால் நின்று பாருங்கள். டயர்ப் பற்கள் சேரும் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் பற்கள் சேற்றை வெளியே தள்ளாமல் நடுவில் சேர்த்துக்கொள்ளும். அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள், செலவே இல்லை.

பற்களே தேய்ந்துபோயிருந்தால் உழவுக்கு இரும்புக் கூண்டுச் சில்லு போடுங்கள். அதோடு தார் வீதியில் ஏறாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இறக்கத்தில் திருப்புவதற்குப் பக்கக் கிளச்சை (ஒரு பக்கச் சில்லுக்குப் போகும் விசையைத் துண்டிக்கும் பிடியை) பிடிக்காதீர்கள். அங்கே இடது கிளச்சைப் பிடித்தால் விசை விடுபட்ட இடது சில்லு வேகமாக உருண்டு, இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். பள்ளம் எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரம் இருக்காது. கியரைக் குறைத்து, கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.